வீட்டு நெட்வொர்க்கும் அன்றாடக் கணினியும் கட்டற்ற மென்பொருளில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் லினக்ஸ் வைத்திருப்பவர், ரவுட்டரைத் தானே பார்த்துக்கொள்பவர் என்று தெரிந்துவிட்டால் போதும், சுற்றியிருப்பவர்களிடமிருந்து கேள்விகள் வரத் தொடங்கும். பெரும்பாலும் அதே கேள்விகள்தான். என்னிடம் திரும்பத் திரும்ப வந்தவற்றைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன். முதலில் எளியவை, போகப் போகச் சிக்கலானவை. ஒருமுறை சொன்னதை மறுபடி சொல்லாமல் அந்தக் கேள்வியின் எண்ணைக் காட்டியிருக்கிறேன்.

1. கட்டற்ற மென்பொருள் என்றால் காசில்லாமல் கிடைப்பதுதானே?

காசு இதில் இரண்டாம் பட்சம். ஒரு மென்பொருளை எந்த வேலைக்கும் பயன்படுத்தலாம். அது எப்படி இயங்குகிறது என்று மூலநிரலை, அதாவது நிரலாளர் எழுதிய வரிகளை, திறந்து பார்க்கலாம். அடுத்தவருக்குப் படியெடுத்துக் கொடுக்கலாம். மாற்றியமைத்து அந்த மாற்றத்தையும் வெளியிடலாம். இந்த நான்கு உரிமைகளையும் உரிமத்திலேயே எழுதிக் கொடுத்திருந்தால் அது கட்டற்ற மென்பொருள். 1983-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் அறிவித்த க்னூ திட்டத்திலிருந்து வளர்ந்தது இது. 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய லினக்ஸ் கருநிரல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) அதோடு சேர்ந்ததும் ஒரு முழு இயங்குதளம் கைக்குக் கிடைத்தது.

காசு வாங்காத எத்தனையோ செயலிகளில் இந்த நான்கில் ஒன்றுகூடக் கிடையாது. நாளைக்கே கட்டணம் கேட்டாலும், சேவையை நிறுத்திவிட்டாலும் நம்மால் ஒன்றும் செய்ய முடியாது.

2. இவ்வளவு நல்ல பொருளைச் சும்மா கொடுக்கிறார்களே, அவர்களுக்கு என்ன லாபம்? எல்லோரும் பழகிய பிறகு விலை வைத்துவிட்டால்?

லினக்ஸ் கருநிரலில் பெரும்பகுதியைச் சம்பளம் வாங்கும் பொறியாளர்கள்தான் எழுதுகிறார்கள். தங்கள் சிப்பும் சர்வரும் அதில் நன்றாக ஓட வேண்டும் என்பதால் இன்டெல், ரெட் ஹேட், கூகுள் போன்ற நிறுவனங்கள் அந்தச் செலவை ஏற்கின்றன. சில திட்டங்கள் நன்கொடையில் ஓடுகின்றன, சில நிறுவனங்களுக்கு உதவிச் சேவை விற்று ஓடுகின்றன. ஒரே ஒருவர் ஓய்வு நேரத்தில் தாங்கிப்பிடிக்கும் திட்டங்களும் உண்டு. நீங்கள் தினமும் பயன்படுத்துவது அப்படிப்பட்டது என்றால் முடிந்ததை அனுப்புங்கள். அது தர்மம் இல்லை, நீங்கள் நம்பியிருக்கும் ஒன்றுக்கான பராமரிப்புச் செலவு.

விலை வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு நடந்த உதாரணங்களே இருக்கின்றன. ஓபன் ஆஃபிஸ் என்ற அலுவலக மென்பொருள் ஆரக்கிள் நிறுவனத்தின் கைக்குப் போன பிறகு, 2010-இல் அதை எழுதிக்கொண்டிருந்தவர்களில் பலர் மூலநிரலோடு பிரிந்து லிப்ரே ஆஃபிஸைத் தொடங்கினார்கள். எம்பி என்ற மீடியா சர்வர் 2018-இல் மூலநிரலை மூடியபோது, கடைசியாகத் திறந்திருந்த பதிப்பிலிருந்து ஜெல்லிஃபின் பிறந்தது. முதல் கேள்வியில் சொன்ன உரிமைகள் இருப்பதால்தான் இதெல்லாம் முடிந்தது.

3. எங்கிருந்து ஆரம்பிப்பது? நேராக விண்டோஸை அழித்துவிட்டு லினக்ஸ் போட்டுவிடலாமா?

வேண்டாம். முதலில் இப்போது இருக்கும் கணினியிலேயே செயலிகளை மாற்றுங்கள். உலாவிக்கு ஃபயர்பாக்ஸ், ஆவணங்களுக்கு லிப்ரே ஆஃபிஸ், மின்னஞ்சலுக்குத் தண்டர்பேர்டு, படம் பார்க்க விஎல்சி, கடவுச்சொற்களுக்குக் கீபாஸ்எக்ஸ்சி. எல்லாமே விண்டோஸிலும் ஓடுபவை. அன்றாட வேலை முழுவதும் இவற்றில் நடக்கத் தொடங்கிய பிறகு அடியில் இருக்கும் இயங்குதளத்தை மாற்றினால் வித்தியாசமே பெரிதாகத் தெரியாது. ஒரே ராத்திரியில் எல்லாவற்றையும் மாற்றியவர்கள்தான் அடுத்த வாரம் திரும்பிப் போகிறார்கள்.

எதையும் அழிப்பதற்கு முன் 14-ஆம் கேள்வியைப் படித்து, அதில் சொன்னதைச் செய்து முடித்திருக்க வேண்டும்.

4. சரி, எந்த லினக்ஸ்? என்னிடம் இருப்பது 4 ஜிபி ரேம் உள்ள பழைய மடிக்கணினி.

விண்டோஸிலிருந்து வருபவர்களுக்கு லினக்ஸ் மின்ட், சர்வராக ஓடப்போகும் கணினிக்கு டெபியன். இதற்கு மேல் இந்த விவாதத்தில் நேரம் செலவழிக்க வேண்டாம் என்பது என் கருத்து. 4 ஜிபி என்றால் குறைந்த நினைவகத்தில் ஓடும் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை எடுங்கள். இயங்குதளம் சிரமமில்லாமல் ஓடும். நினைவகத்தைத் தின்பது உலாவிதான், அதனால் தாவல்களைக் குறைவாகத் திறக்கப் பழகிக்கொள்ளுங்கள். உள்ளே இன்னும் சுழலும் ஹார்ட் டிஸ்க்தான் இருக்கிறது என்றால் அதை எஸ்எஸ்டியாக மாற்றுங்கள். அதைவிடப் பெரிய வித்தியாசம் வேறெதிலும் கிடைக்காது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 ஏற்காத நல்ல கணினிகள் பல, லினக்ஸில் இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும்.

நிறுவுவதற்கு முன் யுஎஸ்பியிலிருந்தே லினக்ஸை ஓடவிட்டுப் பாருங்கள். வைஃபை வருகிறதா, ஒலி கேட்கிறதா, மூடியை மூடித் திறந்தால் விழித்துக்கொள்கிறதா, பிரின்டர் தெரிகிறதா? இந்த நான்கும் சரியாக இருந்தால் தைரியமாக நிறுவலாம்.

5. என் வேர்டு, எக்செல் கோப்புகளெல்லாம் திறக்குமா?

திறக்கும். ஆனால் பக்க அமைப்பு சில சமயம் நகரும். பெரும்பாலும் அதற்குக் காரணம் எழுத்துருதான். கேலிப்ரியும் கேம்ப்ரியாவும் லினக்ஸில் இருக்காது. அவற்றின் அதே அகல அளவுகளில் செய்யப்பட்ட கார்லிட்டோ, கேலடியா என்ற எழுத்துருக்களை நிறுவிவிட்டால் வரிகள் இருந்த இடத்திலேயே உடையும். மேக்ரோ நிறைந்த எக்செல் கோப்புகள் எல்லாம் அப்படியே ஓடும் என்று சொல்ல முடியாது. உங்களுடைய உண்மையான கோப்பு ஒன்றைத் திறந்து பார்த்து முடிவெடுங்கள். அடுத்தவர் படிக்க மட்டும் அனுப்புவது என்றால் பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள்.

6. தமிழில் தட்டச்சு செய்ய முடியுமா? பழைய கோப்புகளில் எழுத்து உடைந்து வருகிறதே?

தாராளமாக. ஐபஸ் அல்லது எஃப்சிஐடிஎக்ஸ் என்ற உள்ளீட்டுக் கருவியை நிறுவினால் தமிழ்99, ஒலிபெயர்ப்பு முறை என்று விசைப்பலகைகள் கிடைக்கும். இப்போதுதான் தொடங்குகிறீர்கள் என்றால் தமிழ்99-ஐப் பழகுங்கள். முதலில் கொஞ்சம் மெதுவாக இருக்கும், கை பழகியதும் ஒலிபெயர்ப்பைவிடக் குறைந்த விசைகளில் வேலை முடியும். படிக்க நோட்டோ சான்ஸ் தமிழ், லோகித் தமிழ் போன்ற எழுத்துருக்கள் இருக்கின்றன.

பழைய கோப்பு உடைந்து வருவது லினக்ஸின் கோளாறு அல்ல. எல்லா மொழிகளுக்கும் பொதுவான யூனிகோடு என்ற குறியீட்டு முறை பரவுவதற்கு முன் பாமினி, டேப், டிஸ்கி என்று ஆளுக்கொரு குறியீட்டு முறை இருந்தது. ஒரு கோப்பு எந்த முறையில் எழுதப்பட்டதோ அதற்கான மாற்றியில் கொடுத்து யூனிகோடாக்கினால் எல்லாக் கணினியிலும் தெரியும். பழைய எழுத்துருவைத் தேடி நிறுவுவது தற்காலிக வழிதான். மாற்றிவைத்துவிடுங்கள், பத்து ஆண்டுகள் கழித்துத் திறப்பவருக்கு அந்த எழுத்துரு கிடைக்காமல் போகலாம்.

7. மூலநிரல் எல்லோர் கண்ணிலும் படும்படி இருந்தால் திருடனுக்கும் வசதிதானே?

திருடனும் படிக்கலாம், உண்மைதான். 2024 மார்ச்சில் நடந்ததைப் பாருங்கள். எக்ஸ்இசட் என்ற சுருக்கக் கருவியில் ஒருவர் ஆண்டுக்கணக்கில் நல்லபிள்ளையாகப் பங்களித்து, பராமரிப்பாளர் நிலைக்கு வந்து, 5.6.0 பதிப்பில் ஒரு பின்கதவை (ரகசியமாக உள்ளே நுழையும் வழியை) நுழைத்துவிட்டார். ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் தன் கணினியில் எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து இன்னொரு கணினிக்குள் போகும் முறை) உள்நுழைவு அரை விநாடி கூடுதலாக எடுப்பதைக் கவனித்தார். ஏன் என்று நிரலுக்குள் நோண்டிக்கொண்டே போய்ப் பின்கதவைக் கண்டுபிடித்தார். அந்தத் திட்டத்தில் வேலை செய்யாத ஒருவர், யாரிடமும் அனுமதி கேட்காமல், அடிவரை போய்ப் பார்க்க முடிந்தது. அது டெபியனின் நிலைப்பதிப்புக்கு வந்து சேர்வதற்குள் பிடிபட்டது.

திறந்திருப்பதாலேயே பாதுகாப்பு வந்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். வீட்டளவில் உங்களைக் காப்பது மூன்று பழக்கங்கள்: இயங்குதளத்தின் மென்பொருள் களஞ்சியத்திலிருந்தே நிறுவுவது, பாதுகாப்புப் புதுப்பிப்புகள் தானாக நிறுவப்படும்படி வைப்பது, எங்கோ படித்த கட்டளையைப் புரியாமல் டெர்மினலில் (கட்டளை தட்டும் திரையில்) ஒட்டாமல் இருப்பது.

8. இணைய நிறுவனம் கொடுத்த ரவுட்டரே நன்றாக ஓடுகிறது. அதை ஏன் தொட வேண்டும்?

மாற்ற வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, ஆனால் அதன் அமைப்புப் பக்கத்துக்குள் போய்ப் பார்க்க வேண்டும். நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றுங்கள். வைஃபையின் பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3-இல் இருக்கிறதா என்று பாருங்கள். டபிள்யூபிஎஸ் (பொத்தானிலோ சிறு எண்ணிலோ வைஃபையில் சேரும் வசதி), தொலைநிலை நிர்வாகம், யுபிஎன்பி (கருவிகள் தாமாகவே வெளியே வழி திறந்துகொள்ளும் வசதி) மூன்றையும் அணையுங்கள். அப்புறம் இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலைத் திறந்து ஒவ்வொன்றும் எது என்று அடையாளம் காணுங்கள். சில வரிகளில் பெயரே இருக்காது, வெறும் எண்கள்தான். கைபேசிகள் இப்போது வன்பொருள் முகவரியை மாற்றிக் காட்டுவதால் குழப்பமும் வரும். ஒவ்வொரு கருவியாக வைஃபையை அணைத்து எந்த வரி மறைகிறது என்று பார்ப்பதுதான் நிச்சயமான வழி. எல்லாவற்றையும் கண்டுபிடித்த பிறகும் ஒரு வரி மிச்சமிருந்தால் வைஃபை கடவுச்சொல்லை உடனே மாற்றுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் ஒரு குறை நிற்கும். அந்த ரவுட்டருக்குப் புதுப்பிப்பு எப்போது வரும், வருமா என்பது உங்கள் கையில் இல்லை. அங்கேதான் ரவுட்டர்களுக்கான கட்டற்ற இயங்குதளமான ஓபன்டபிள்யூஆர்டி வருகிறது. லிங்க்சிஸின் டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டருக்குள் லினக்ஸ் இருப்பது 2003-இல் தெரியவந்தது. லினக்ஸின் உரிமமான ஜிபிஎல் சொல்வதன்படி மூலநிரலைக் கேட்டார்கள், நிறுவனமும் வெளியிட்டது. அதை அடித்தளமாக வைத்து 2004-இல் தொடங்கியதுதான் ஓபன்டபிள்யூஆர்டி. தயாரிப்பாளர் கைவிட்ட ரவுட்டர்களுக்குக்கூட அதில் இன்றும் புதுப்பிப்பு வருகிறது.

9. ஓபன்டபிள்யூஆர்டி போடப் போய் ரவுட்டர் செத்துப்போனால்?

வீட்டில் இருக்கும் ஒரே ரவுட்டரில் முதல் முயற்சியைச் செய்யாதீர்கள், அவ்வளவுதான் பெரிய விதி. பழைய ரவுட்டர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் மாடல் எண்ணோடு வன்பொருள் பதிப்பு எண்ணும் இருக்கும். ஒரே மாடலின் இரண்டு பதிப்புகளுக்குள் வேறு வேறு சிப்புகள் இருக்கலாம், அதனால் ஓபன்டபிள்யூஆர்டியின் வன்பொருள் அட்டவணையில் அந்தப் பதிப்பு எண்வரை ஒத்துப்போக வேண்டும். 8 எம்பி ஃபிளாஷ், 64 எம்பி ரேம் என்பதே இப்போது தட்டுத்தடுமாறும் அளவு. அதற்குக் கீழ் இருந்தால் விட்டுவிடுங்கள்.

நிறுவும்போது கேபிளில் இணைந்திருங்கள். நிறுவி முடிந்ததும் வைஃபை பெரும்பாலும் அணைந்தே இருக்கும். பலர் இங்கேதான் ரவுட்டர் போய்விட்டது என்று பதறுகிறார்கள். கேபிள் வழியாக, உலாவியில் 192.168.1.1 என்ற முகவரிக்குப் போய்க் கடவுச்சொல் வைத்து, வைஃபையை நீங்களே இயக்க வேண்டும். இணைய நிறுவனத்தின் ரவுட்டருக்கும் அதே முகவரி இருந்தால் இரண்டும் மோதிக்கொண்டு இணையம் வராது. அதனால் உங்கள் ரவுட்டரை 192.168.73.1 மாதிரி யாரும் வைக்காத ஒன்றுக்கு மாற்றுங்கள். இதன் இன்னொரு பலன் 16-ஆம் கேள்வியில் தெரியும். நிறுவல் பாதியில் சொதப்பினாலும், பெரும்பாலான மாடல்களில் மீட்புமுறை ஒன்று இருக்கும். அதைத் தொடங்குவதற்கு முன்பே படித்து வைத்துக்கொள்ளுங்கள், அந்த நேரத்தில் தேட இணையம் இருக்காது.

10. ஒருவர் பெரிய கோப்பை அப்லோட் செய்தால் போதும், மற்றவர்களின் வீடியோ அழைப்பு திக்குகிறது. வேகத் திட்டத்தைக் கூட்ட வேண்டுமா?

கூட்டுவதற்கு முன் ஒரு சோதனை. ஒரு கணினியில் வெளியே இருக்கும் ஏதாவது முகவரிக்குப் பிங் (பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும் கட்டளை) ஓடவிடுங்கள். 20 மில்லிவிநாடி மாதிரி வந்துகொண்டிருக்கும். அது ஓடும்போதே இன்னொரு கருவியிலிருந்து பெரிய வீடியோ ஒன்றை ஏற்றுங்கள். எண் 300, 500 என்று ஏறினால் உங்கள் பிரச்சினை வேகம் அல்ல, வரிசை. ரவுட்டரோ மோடமோ அனுப்ப முடியாத தரவையெல்லாம் நீண்ட வரிசையாகத் தேக்கி வைத்திருக்கிறது. ஒரே கவுன்ட்டரில் முன்னால் நிற்பவர் ஒரு கட்டு விண்ணப்பத்தோடு நின்றால், ஒரே ஒரு கையெழுத்துக்கு வந்தவரும் பின்னால் காத்திருக்க வேண்டியதுதானே, அப்படித்தான் வீடியோ அழைப்பின் சின்னச் சின்னத் தரவுப் பொட்டலங்கள் மாட்டிக்கொள்கின்றன.

ஓபன்டபிள்யூஆர்டியில் எஸ்க்யூஎம் என்ற பொதியை நிறுவி, வரிசை முறையாகக் கேக் என்பதைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் இணைப்பின் உண்மையான அப்லோட், டவுன்லோட் வேகங்களை அளந்து, இரண்டிலும் சுமார் 90 சதவீதத்தை வரம்பாகக் கொடுங்கள். விளம்பரத்தில் சொன்ன வேகம் வேண்டாம், நீங்கள் அளந்த வேகம். வரம்பு கொஞ்சம் குறைவாக இருப்பதால் வரிசை மோடத்தில் சேராமல் உங்கள் ரவுட்டரில் சேரும். அங்கே கேக் ஒவ்வொரு இணைப்புக்கும் முறை வைத்து அனுப்பும். மறுபடி அதே சோதனையைச் செய்தால் அப்லோட் நடக்கும்போதும் பிங் பழைய எண்ணுக்குப் பக்கத்திலேயே நிற்பதைப் பார்க்கலாம்.

வீட்டு நெட்வொர்க்கில் செய்யக்கூடிய மாற்றங்களில் இதைத்தான் நான் முதலில் வைப்பேன். வீட்டில் எல்லோரும் உணரும் மாற்றம் இது. ஒரு எச்சரிக்கை: இதற்கு ரவுட்டரின் செயலி உழைக்க வேண்டும். நூற்றுக்கணக்கான மெகாபிட் இணைப்பில் பலவீனமான ரவுட்டரால் ஈடுகொடுக்க முடியாது, மொத்த வேகமே குறைந்துவிடும்.

11. பை-ஹோல் போட்டால் யூடியூப் விளம்பரமும் போய்விடும்தானே?

போகாது. பை-ஹோல் வீட்டு நெட்வொர்க்குக்கான விளம்பரத் தடுப்பான், அது வேலை செய்வது டிஎன்எஸ் அளவில், அதாவது தளப் பெயரை எண் முகவரியாக மாற்றித்தரும் இடத்தில். ஒரு கருவி விளம்பரத் தளத்தின் பெயரைக் கேட்டால் முகவரி கொடுக்காமல் விட்டுவிடும். யூடியூப் விளம்பரம் வீடியோ வரும் அதே தளப் பெயர்களிலிருந்தே வருவதால், அதைத் தடுத்தால் வீடியோவும் நின்றுவிடும். அதற்கு ஃபயர்பாக்ஸில் யுபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பு நீட்சியைப் போடுங்கள். பை-ஹோலின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. நீட்சி எதையும் நிறுவ முடியாத டிவியும் கைபேசிச் செயலிகளும் யாரிடமெல்லாம் பேசுகின்றன என்று அதன் பதிவேடு காட்டும்.

இதில் பலரும் விழும் குழி ஒன்று உண்டு. பை-ஹோல் நின்றுபோனால் இணையமே வராதே என்று ரவுட்டரில் இரண்டாவது டிஎன்எஸ் ஆக ஒரு பொது முகவரியைக் கொடுப்பார்கள். இரண்டாவது என்றால் முதலாவது செத்தபிறகுதான் கேட்கும் என்று நினைக்கிறோம். பல கருவிகள் அப்படி நடப்பதில்லை, இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்கும். விளம்பரம் சில நேரம் வருகிறது, சில நேரம் வரவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். பை-ஹோலின் முகவரியை மட்டும் கொடுங்கள். மாற்று வேண்டுமென்றால் இரண்டாவது பை-ஹோல் ஒன்றை வேறு கருவியில் ஓடவிடுங்கள்.

12. வீட்டு சர்வருக்கு என்ன கணினி வாங்கலாம்?

முதலில் எதுவும் வாங்காதீர்கள். சும்மா கிடக்கும் மடிக்கணினியில் டெபியன் போடுங்கள். மின்சாரம் போனால் அதன் பேட்டரியே கொஞ்ச நேரம் தாங்கும். பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் கண்டிப்பாகக் கழற்றிவிடுங்கள். வாங்கத்தான் வேண்டும் என்றால் மின்செலவைக் கணக்குப் போடுங்கள். 10 வாட் எடுக்கும் குட்டிக் கணினி மாதம் முழுவதும் ஓடினால் 7.2 யூனிட். 80 வாட் எடுக்கும் பழைய டெஸ்க்டாப் 57 யூனிட்டைத் தாண்டும். ராஸ்பெரி பை நல்ல கருவிதான், ஆனால் தொடர்ந்து எழுதும் வேலைக்கு மெமரி கார்டு தாங்காது. எஸ்எஸ்டி இணைத்துப் பயன்படுத்துங்கள்.

13. கைபேசிப் படங்களை வீட்டிலேயே வைக்க சிங்க்திங் போதுமா, நெக்ஸ்ட்கிளவுட் வேண்டுமா?

ஒரு கோப்புறை இரண்டு மூன்று கருவிகளில் ஒரே மாதிரி இருந்தால் போதும் என்றால் சிங்க்திங். நடுவில் சர்வரே வேண்டாம், கருவிகள் நேரடியாகப் பேசிக்கொள்ளும். நாட்காட்டி, தொடர்புகள், இணைப்பு கொடுத்து அடுத்தவருக்குக் கோப்பு பகிர்வது எல்லாம் வேண்டுமென்றால் நெக்ஸ்ட்கிளவுட். அதற்கு ஒரு சர்வரும், அதைத் தொடர்ந்து புதுப்பிக்கும் பொறுமையும் வேண்டும். சிங்க்திங்கில் தொடங்கி, குறை தெரிந்த பிறகு நெக்ஸ்ட்கிளவுடுக்குப் போவதே நல்லது.

இரண்டிலும் ஒன்றை மறக்கக் கூடாது. ஒத்திசைக்கும் கோப்புறையில் ஒரு படத்தை அழித்தால் அந்த அழிப்பும் ஒத்திசைந்து மற்ற கருவிகளுக்குப் போய்ச் சேரும்.

14. இரண்டு டிஸ்க் போட்டு ரெய்டு வைத்திருக்கிறேன். அப்புறம் எதற்குக் காப்புநகல்?

ஒரே தரவை இரண்டு டிஸ்கிலும் எழுதும் ரெய்டு, ஒரு டிஸ்க் பழுதானால் சர்வர் நிற்காமல் ஓடுவதற்காக. நீங்கள் தவறி ஒரு கோப்புறையை அழித்தால் இரண்டு டிஸ்கிலும் அதே நொடியில் அழியும். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் பணயத்தீநிரல் வந்து பூட்டினால் இரண்டும் பூட்டப்படும். திருட்டு, தீ, மின்னல் என்று எது வந்தாலும் இரண்டும் ஒரே பெட்டியில்தான் இருக்கின்றன. முந்தைய கேள்வியில் சொன்ன ஒத்திசைவுக்கும் இதே கதைதான்.

மூன்று நகல், இரண்டு வகைச் சேமிப்பகம், ஒன்று வேறு இடத்தில் என்பது பழகிய கணக்கு. ரெஸ்டிக், போர்க் இரண்டும் இதற்கான நல்ல கருவிகள். மாறிய பகுதியை மட்டும் எடுத்து, குறியாக்கம் செய்து, போன வாரத்து நிலை, போன மாதத்து நிலை என்று தனித்தனியாக வைத்திருக்கும். ஒரு வெளி டிஸ்க்கை வீட்டிலும், இன்னொன்றை நம்பிக்கையான உறவினர் வீட்டிலும் வையுங்கள். ரெஸ்டிக்கின் கடவுச்சொல் தொலைந்தால் காப்புநகலும் தொலைந்த மாதிரிதான். அதைச் சர்வரில் மட்டும் வைத்திருப்பதில் பயனில்லை.

மீட்டுப் பார்க்காத காப்புநகலை நம்பாதீர்கள். ஏதாவது ஒரு பழைய படத்தைத் தேர்ந்தெடுத்து, சர்வரைத் தொடாமல், வேறு ஒரு கணினியில் வெளி டிஸ்க்கை மட்டும் செருகி அதை மீட்டெடுங்கள். படம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். அவ்வப்போது இதைச் செய்துகொண்டே இருக்க வேண்டும். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் செயல்படுத்த முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

15. வெளியில் இருக்கும்போது வீட்டு சர்வரைத் தொட, ரவுட்டரில் ஒரு போர்ட்டைத் திறந்துவிட்டால் போதாதா?

போர்ட் என்பது வெளியிலிருந்து உள்ளே வருவதற்கான எண்ணிட்ட வாசல். திறந்தால் போதும், உங்களுக்கு மட்டுமல்ல, எல்லோருக்கும். இணையம் முழுவதையும் ஓயாமல் தட்டிப்பார்க்கும் தானியங்கிகள் இருக்கின்றன. எஸ்எஸ்ஹெச் போர்ட்டைத் திறந்து வைத்துக் கொஞ்ச நேரத்தில் பதிவேட்டைப் பாருங்கள், தெரியாத முகவரிகளிலிருந்து கடவுச்சொல் முயற்சிகள் வரிசையாக வந்திருக்கும். கோப்புப் பகிர்வுக்கான 445-ஆம் போர்ட்டை எந்தக் காரணத்துக்கும் வெளியே திறக்காதீர்கள்.

வெளியிலிருந்து வீட்டு நெட்வொர்க்குக்குக் குறியாக்கம் செய்த தனிவழி போடும் வயர்கார்டு என்ற விபிஎன் மென்பொருளைப் போடுங்கள். 2020-இல் வெளிவந்த லினக்ஸ் 5.6-லிருந்து கருநிரலிலேயே இருக்கிறது, ஓபன்டபிள்யூஆர்டியிலும் நிறுவலாம். ஒரு யுடிபி போர்ட் மட்டும் திறந்தால் போதும், வழக்கமாக 51820. சரியான சாவி இல்லாமல் வருபவருக்கு அது பதிலே சொல்லாது, அதனால் தட்டிப்பார்ப்பவருக்கு அங்கே ஒரு கதவு இருப்பதே தெரியாது. கைபேசியில் இயக்கிவிட்டால் வீட்டுக்குள் இருக்கும் மாதிரியே சர்வரைத் தொடலாம். பை-ஹோலும் கூடவே வேலை செய்யும்.

16. வயர்கார்டு எல்லாம் சொன்னபடியே போட்டேன். வெளியிலிருந்து இணையவே மாட்டேன் என்கிறது.

முதலில் கைபேசியின் வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் சோதியுங்கள். வயர்கார்டு செயலியில் கைகுலுக்கல் (இரு முனைகளும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்வது) நடந்த நேரம் தெரிகிறதா என்று பாருங்கள். அனுப்பிய அளவு ஏறுகிறது, பெற்றது சுழியமாகவே இருக்கிறது என்றால் பெரும்பாலும் பொட்டலங்கள் வீடுவரை வரவில்லை. இணையத்தோடு நேரடியாக இணைந்திருக்கும் ரவுட்டரின் வெளிப்பக்க முகவரியைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் முகவரியாக இருந்தால், அல்லது உங்கள் ஐபி என்ன என்று காட்டும் தளத்தில் வருவதோடு பொருந்தாவிட்டால், இணைய நிறுவனம் பல வீடுகளுக்கு ஒரே பொது முகவரியைப் பகிர்ந்து கொடுத்திருக்கிறது. அப்போது நீங்கள் போர்ட் திறப்பதில் பயனில்லை. பொது முகவரி கேட்டு வாங்கலாம், ஐபிவி6 என்ற புதிய முகவரி முறை இருந்தால் அதன் வழியே வரலாம், அல்லது வாடகைக்கு ஒரு சிறிய சர்வர் எடுத்து அதையே சந்திப்பு இடமாக வைக்கலாம்.

கைகுலுக்கல் நடக்கிறது, ஆனால் சர்வர் திறக்கவில்லை என்றால் முகவரி மோதல் இருக்கிறதா என்று பாருங்கள். நீங்கள் போன இடத்து வைஃபையும் 192.168.1, வீடும் 192.168.1 என்றால் கைபேசி பக்கத்தில் இருப்பதையே தேடும். 9-ஆம் கேள்வியில் வேறு எண் வைக்கச் சொன்னது இதற்காகவும்தான். பிங் போகிறது, சிறிய பக்கங்கள் திறக்கின்றன, பெரியவை பாதியில் நிற்கின்றன என்றால் எம்டியுவை, அதாவது ஒரு பொட்டலத்தின் உச்ச அளவை, 1280-க்குக் குறைத்துப் பாருங்கள். எண் முகவரியில் திறக்கிறது, பெயரில் திறக்கவில்லை என்றால் வயர்கார்டு அமைப்பில் டிஎன்எஸ் வரி விட்டுப்போயிருக்கும்.

17. கேமரா, டிவி, பல்பு எல்லாம் ஒரே வைஃபையில்தான் இருக்கின்றன. ஆபத்தா?

புதுப்பிப்பு நின்றுபோன கேமராவும் உங்கள் காப்புநகல் சர்வரும் ஒரே நெட்வொர்க்கில் இருக்க வேண்டியதில்லை. விருந்தினர் வைஃபை ஒன்றை உருவாக்கி இவற்றை அங்கே தள்ளுங்கள். கைபேசியிலிருந்து டிவிக்குப் படம் அனுப்புவது இதனால் நின்றுபோகலாம். டிவியை மட்டும் உள்ளே விடுவதா என்பது உங்கள் முடிவு. புதிதாக வாங்கும்போது இணையம் இல்லாமலும் வேலை செய்யும் கருவியாகப் பாருங்கள். வைஃபைக்குப் பதிலாகத் தனிக் கம்பியில்லா முறையில் பேசும் ஜிக்பீ வகைப் பல்புகளை ஹோம் அசிஸ்டன்ட் என்ற கட்டற்ற மென்பொருள் மூலம் வீட்டுக்குள்ளேயே இயக்கலாம், எந்த நிறுவனத்தின் சர்வரும் நடுவில் வராது.

18. மின்னஞ்சல் சர்வரையும் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாமா?

இதற்கு மட்டும் வேண்டாம் என்பேன். வீட்டு இணைப்புகளில் அஞ்சல் சர்வர்கள் பேசிக்கொள்ளும் 25-ஆம் போர்ட் பெரும்பாலும் அடைக்கப்பட்டிருக்கும். அடைக்காவிட்டாலும் வீட்டு முகவரிகளிலிருந்து வரும் அஞ்சலைப் பெரிய சேவைகள் குப்பைக்கு அனுப்பிவிடும். உங்கள் பெயரில் ஒரு டொமைன் வாங்கி, அதை ஒரு நல்ல மின்னஞ்சல் சேவையில் இணையுங்கள். சேவை பிடிக்காவிட்டால் முகவரி மாறாமலே வேறிடத்துக்குப் போகலாம். அஞ்சல்களின் நகலைத் தண்டர்பேர்டு உங்கள் கணினியிலும் வைத்திருக்கும்.

19. எல்லாவற்றையும் நான்தான் அமைத்தேன். நான் இல்லாத நாளில் நின்றுபோனால் வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்வார்கள்?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் குறைவு, எல்லோரும் கேட்க வேண்டியது. மின்சாரம் போய் வந்ததும் சர்வர் தானாகவே எழும்படி பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அடிப்படை அமைப்பில்) அமைத்துவிடுங்கள். பை-ஹோலோ உங்கள் ரவுட்டரோ செத்துப்போனால், எந்த கேபிளைப் பிடுங்கி எங்கே செருகினால் இணைய நிறுவனத்தின் ரவுட்டரிலேயே நேராக வேலை நடக்கும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். கணினியில் எழுதாதீர்கள், இணையம் நின்ற நேரத்தில் படிக்க வேண்டியது அது. ரவுட்டர், சர்வர், டிஸ்க் ஒவ்வொன்றிலும் பெயர்ச்சீட்டு ஒட்டுங்கள். கீபாஸ்எக்ஸ்சியின் முதன்மைக் கடவுச்சொல்லும் காப்புநகலின் கடவுச்சொல்லும் எங்கே இருக்கின்றன என்பது இன்னொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

குடும்பப் படங்களுக்கு மட்டும் குறியாக்கம் இல்லாத ஒரு நகலை, ஆண்டு வாரியான சாதாரணக் கோப்புறைகளாக, எந்தக் கணினியில் செருகினாலும் திறக்கும் எக்ஸ்ஃபேட் முறையில் வடிவமைத்த டிஸ்க்கில் வையுங்கள். ரெஸ்டிக் தெரியாதவருக்கும் அது கைகொடுக்கும். பிறகு அந்தத் தாளைக் கொடுத்து வீட்டில் வேறொருவரைச் செய்யச் சொல்லிப் பக்கத்தில் பேசாமல் இருங்கள். அவர் எந்த வரியில் நின்று யோசிக்கிறாரோ அந்த வரியைத் திருத்தி எழுதுங்கள்.